துப்பாக்கியைவிடச் சிரிப்பு ஆபத்து

பழைய ஹாலிவுட் கௌபாய் படத்தை இன்று பார்க்க உட்காருகிறவர் தயாராகத்தான் உட்காருகிறார். 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் அப்பாச்சிகள் ஏன் தாக்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குதிரையில் வருகிறார்கள், சுடப்பட்டு விழுகிறார்கள். அநியாயம் கண்ணெதிரே நடப்பதால் நாமும் உஷாராக இருந்துவிடுகிறோம். நகைச்சுவைப் படத்திடம் அந்த உஷார் இருப்பதில்லை. 'தி ஜெனரல்' (1926) பாருங்கள். திருட்டுப்போன ரயில் எஞ்சினைத் தன்னந்தனியாகத் துரத்தும் டிரைவர். எரியும் பாலத்திலிருந்து நிஜ ரயிலையே ஓரிகனில் ஓர் ஆற்றுக்குள் விழவைத்து எடுத்த காட்சி. நூறாண்டு கழித்தும் வாய்பிளக்க வைக்கிறது. ஆனால் நாம் கைதட்டுவது யாருக்கு? அடிமை முறையைக் காக்கப் போருக்குப் போன தென் மாநிலப் படைக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல் ஜார்ஜியாவில் அந்த எஞ்சினை நிஜமாகவே கடத்தியவர்கள் வடக்கின் ஆட்கள். அவர்களில் சிலர்தான் அமெரிக்க ராணுவத்தின் 'மெடல் ஆஃப் ஹானர்' விருதை முதன்முதலில் பெற்றவர்கள். படம் அவர்களை வில்லன்களாக்கியது, துரத்துகிறவனை நம் செல்லப்பிள்ளையாக்கியது. சிரித்துக்கொண்டே கட்சி மாறிவிட்டோம்.

அந்தக் காலம் அப்படி, இன்றைய தராசில் நிறுக்கலாமா என்பார்கள். பாதி நியாயம். அதே காலத்தில் வேறு மாதிரியும் எடுத்திருக்கிறார்களே! 'புரோக்கன் ஆரோ' (1950) அப்பாச்சித் தலைவரை வாக்குத் தவறாத மனிதராகக் காட்டியது (வேடமிட்டவர் வெள்ளைக்காரர்தான், அது வேறு கதை). 'ஹை நூன்' (1952) படத்தில் ஊரிலேயே தெளிவாகப் பேசுகிறவள் சொந்தமாகத் தொழில் நடத்தும் ஒரு மெக்சிகப் பெண். ஆக, காலம் யார் கையையும் கட்டிப்போட்டுவிடவில்லை.

இதற்கெல்லாம் கத்தரிக்கோல்தான் மருந்து என்ற எண்ணம் வந்தால் அது நோயைவிட மோசம். 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தில், போர்வை வாங்குவதாக நினைத்த இளைஞன் தெரியாமல் ஒரு கொமாஞ்சி பெண்ணை மனைவியாக 'வாங்கி'விடுகிறான். படுக்க அருகில் வந்தவளை எட்டி உதைக்கிறான். அவள் சரிவில் உருண்டு போகிறாள். கூட வந்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்க வைக்கவே எடுத்த காட்சி, இன்று வயிற்றைப் பிசைகிறது. ஆனால் சற்று நேரத்தில், குதிரைப்படை சூறையாடிய குடியிருப்பில் அதே பெண் பிணமாகக் கிடக்கிறாள். இவளை எதற்குக் கொன்றார்கள் என்று உதைத்தவனே கேட்கிறான். முதல் காட்சியை நாகரிகம் கருதி வெட்டினால் இரண்டாவதில் கிடப்பது யாரோ ஒரு பிணம். தன் சிரிப்பைத் தானே கசக்கவைக்கும் அபூர்வமான இடம் அதோடு தொலைந்துபோகும்.

வெட்டினால் என்ன, மூலப்படம் எங்காவது பத்திரமாக இருக்கும் என்று நம்புவதற்கும் இல்லை. 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தை எடுத்தவரே 1942இல் அதைச் சுருக்கி, குரல் சேர்த்து மறுபடி வெளியிட்டார். போனவற்றில் கடைசி முத்தமும் ஒன்று. அதன்பின் பல பத்தாண்டுகள் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சுருங்கிய படம்தான். படைத்தவர் கையிலேயே இந்தக் கதி என்றால், சந்தா கட்டிப் பார்க்கும் செயலியில் ஓர் இரவில் காட்சி காணாமல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? அலமாரியில் குறுந்தகடு வைத்திருப்பவர்களும் அருகிவிட்டார்கள். தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் எத்தனை வரி வேண்டுமானாலும் போடட்டும். 'தி சர்ச்சர்ஸ்' 119 நிமிடப் படம். அந்த 119 நிமிடமும் கைக்கு வர வேண்டும்.