ஏரியின் மூச்சு

பெங்களூருவின் பிரேசர் டவுன் பகுதிக்குத் தெற்கே, சிறிது தொலைவில் அல்சூர் ஏரி உள்ளது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துபோனதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

மீன் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை நீரிலிருந்து செவுள்களால் பெறுகிறது. ஏரியில் கழிவுநீர் கலக்கும்போது, அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி அந்த ஆக்சிஜனைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. கழிவுநீரின் சத்துகளால் பாசியும் தழைக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இருள் சூழ்ந்ததும் அதனை உட்கொள்ள மட்டுமே செய்கிறது. ஆகவே விடியலுக்குச் சற்று முன்னரே நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் வாழ, லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

நண்பகலில் வந்து நீரை அளந்து செல்லும் ஆய்வாளருக்கு இக்குறை தென்படாது. விடியற்காலையில் கரையில் இருப்பவர்கள் மீனவர்களும் நடைப்பயிற்சிக்கு வருவோருமே. மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறுவதை முதலில் காண்பவர்களும் அவர்களே. ஆய்வகத்தின் கருவியும் கரையோரத்தாரின் கண்ணும் ஒன்றுசேர வேண்டியிருப்பது இதனால்தான்.

நகரின் வடக்கே, சுமார் 160 ஏக்கர் பரப்புடைய ஜக்கூர் ஏரியில் இது நடந்தது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் திறனுடன் அமைக்கப்பட்டது. அதிலிருந்து வெளிவரும் நீர், சம்பங்கோரை வளர்ந்த சதுப்புநிலத்தின் வழியே மெல்ல ஊர்ந்து ஏரியை அடைகிறது. அந்தச் சதுப்புநிலம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஈர்த்துக்கொள்வதை இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்தனர். அருகிலுள்ள ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தாரும், ‘ஜலபோஷண்’ எனும் குடிமக்கள் குழுவினரும் ஏரி நீரின் தரத்தைக் கண்காணிப்பதில் கைகோத்தனர்.

இத்தகைய பணியில் பொறுமை தேவை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பலமுறை அளந்தாலன்றி எண்களை ஒப்பிட இயலாது. ஆயினும், நாற்றம் வீசுகிறது என்று மட்டும் எழுதிய மனுவைவிட, எந்த வாய்க்காலின் முகத்துவாரத்தில் எந்நாளில் எவ்வளவு எனக் குறித்த மனுவை அலுவலகத்தில் ஒதுக்கிவைப்பது கடினம்.

ஜக்கூரில் இன்றும் மீன்பிடிப்போர் உண்டு. ஏரி நீர் நிலத்தினுள் ஊறி இறங்குவதால் சுற்றுப்புறக் கிணறுகளிலும் நீர் ஊறுகிறது. ஏரியில் கலக்கும் மாசு அக்கிணறுகளை எட்டவும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.