கடலைக் காய்க்குத் தனிப் பந்தி

மதுரை வண்டியூர் தெப்பக்குளக் கரையில் அவித்த கடலை கொறிக்கும்போது ஒரு காய் பொக்காக இருந்தால் வீசிவிட்டு அடுத்ததை உடைப்போம். விளைவித்தவருக்கு அது அவ்வளவு லேசான காரியமில்லை. விதை, உழவு, களை வெட்டு, பறிப்புக் கூலி எல்லாம் நல்ல காய்க்கும் பொக்குக் காய்க்கும் ஒன்றுதான். எடை போடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

வண்டியூரைச் சுற்றிய வைகைப் பாசன நிலம் நெல்லுக்குப் பேர்போனது. கடலையைப் பார்க்க நகரம் தாண்டிச் செம்மண் மேடுகளுக்குப் போக வேண்டும். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப் பட்டத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் விதைப்பார்கள். செடி பச்சைப்பசேலென்று நிற்கும். பூவும் கொட்டிப் பூக்கும். பறித்து உடைத்தால் ஓடு மட்டும் இருக்கும். மழை ஏமாற்றினாலும், பூச்சி விழுந்தாலும் இப்படி ஆகலாம். ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் பொக்கு மிகுந்தால், மேல்மண்ணில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

வேர் ஊட்டாத சத்து

மண்ணுக்கு மேலே பூத்து, மண்ணுக்குள்ளே காய்க்கிற பயிர் கடலை. பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஊசி போல விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகப் பருக்கிறது. வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலே ஏறி இலைக்குப் போய்ச் சேரும். இலையிலிருந்து அது கீழே இறங்கிக் காய்க்கு வருவது மிகமிகக் குறைவு. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதும் அரிது என்பதால், வேர்நீர் அந்தப் பக்கம் இழுபடுவதில்லை. ஆகவே காய் தன்னைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலிருந்து, தன் தோல் வழியாகவே கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. வேருக்கு ஒரு பந்தி, காய்க்குத் தனிப் பந்தி! அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் 1949இல் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு இதை உறுதிப்படுத்தினார்கள்.

அந்தப் பந்தியில் குறை வைத்தால் பருப்பு பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே முளைக்குருத்து கருத்துப்போகும். அப்படிப்பட்ட பருப்பை விதைக்கு வைத்தால் முளைப்பும் குறையும். பெரும்பருப்பு ரகங்களுக்குக் கால்சியத் தேவை இன்னும் அதிகம்.

எப்போது, எவ்வளவு?

இதற்குக் கைகொடுப்பது ஜிப்சம். தூய ஜிப்சத்தில் கால்சியம் சுமார் 23 சதவீதம், கந்தகம் 18 சதவீதம். கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் புரதத்துக்கும் உதவும். சுண்ணாம்புக் கல்லைவிட ஜிப்சம் தண்ணீரில் வேகமாகக் கரையும் என்பதால், காய் பிடிக்கும் சில வாரங்களுக்குள் பலன் தரும். நம் பெரம்பலூர் அருகே காரை கிராமத்துப் பள்ளங்களில், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண்ணுக்குள், ஜிப்சம் வெள்ளைப் பாளங்களாகக் கிடக்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ. ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் மூன்றேகால். இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் இட வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75ஆம் நாளுக்குள் இடலாம். செடியின் ஓரமாகத் தூவி, கொத்திக் கிளறி, மண் அணைக்க வேண்டும். அணைத்த மண் பொலபொலவென்று இருந்தால் விழுது சுலபமாக இறங்கும். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறினால் அது அறுந்துபோகும். ஈரமில்லாத மண்ணில் ஜிப்சம் கரையாது. காய்க்கும் போய்ச் சேராது.

அளவு சரியாக இருந்து இடம் தவறினாலும் பயனில்லை. வரப்போரம் வீசியதும், உழவில் ஆழமாகப் புதைந்ததும் காய்க்கு எட்டாது. காய் பிடிக்கும் மேல்மண்ணில் சாம்பல் சத்து அளவுக்கு மீறினால், கிடைக்கிற கால்சியத்தைக் காய் எடுப்பதையும் அது தடுக்கும்.

எல்லா மண்ணுக்கும் வேண்டாம்

மணற்பாங்கான செம்மண்ணில் கால்சியம் தங்காமல் மழையோடு கரைந்து கீழே போய்விடும். ஜிப்சம் நன்றாக வேலை செய்வது அங்கேதான். சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண்ணில் போட வேண்டாம் என்கிறது அதே பரிந்துரை. அங்கே கைப்பிடி மண்ணில் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்கும். பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காக நாமும் மூட்டை வாங்க வேண்டியதில்லை. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி வண்டியூருக்கு அதிக தூரமில்லை. மண் பரிசோதனைக்கு வழி கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம்.

அப்படியும் சந்தேகம் இருந்தால், இந்தப் பட்டத்தில் ஒரு பாத்தியை மட்டும் ஜிப்சம் இடாமல் விடுங்கள். பறிக்கும்போது இரண்டு பக்கமும் நூறு நூறு காய் எடுத்து உடைத்து, பருப்பைத் தராசில் வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு மூட்டை வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் மண்ணே சொல்லிவிடும்.