மூணு சிலிண்டரில் ஓடும் அம்பாசிடர்: அன்றும் இன்றும்

1970-களில் சென்னை மெக்கானிக் கடைகளில், திணறும் அம்பாசிடருக்கு முதல் பரிசோதனை பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும். மேஸ்திரி பின்பக்கம் போய் சைலன்சர் வாயருகே உள்ளங்கையைக் காட்டுவார். புகை ஒரே சீராகத் தள்ளினால் ஒரு முடிவு. விட்டுவிட்டு ‘புஸ்... புஸ்’ என்று அடித்தால் இன்னொரு முடிவு. “சார், மூணுலதான் ஓடுது” என்பார். நான்கு சிலிண்டரில் ஒன்று சும்மா இருக்கிறது என்பதற்குக் கடைப் பேச்சு அதுதான்.

எது சும்மா இருக்கிறது என்று பார்ப்பதும் எளிது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். ஒயரை எடுத்ததும் இன்ஜின் இன்னும் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். பிறகு அந்தப் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார்கள். கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இளம் பழுப்பு நிறம் இருந்தால் அந்தச் சிலிண்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரும்பாலும் விசாரணை அவ்வளவு தூரம் போகாது. அனுபவசாலியின் கை நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குத்தான் போகும். அதற்குள் இருந்து, ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயிண்ட் படும் பாடு அப்படி. 1489 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 6000 தடவை திறந்து மூட வேண்டும். கேமில் உரசும் அதன் ஃபைபர் முனை தேயத் தேய இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினால் டைமிங் பின்தங்கும், பிக்கப் போய்விடும். கண்டென்சர் பழுதானால் பாயிண்ட் முகமே தீய்ந்து குழிவிழும்.

அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என்பது பாயிண்ட்டுக்கான இடைவெளி, 25 பங்கு பிளக்குக்கு. ஃபீலர் கேஜ் எல்லாக் கடையிலும் இருந்ததில்லை. இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடின் கனம் ஏறக்குறைய அந்த 25. பாயிண்ட்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டு போதும். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, கார்டை நுழைத்து, திருகை இறுக்கினால் கார் கிளம்பிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பையனை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு அனுப்புவார்கள். பழைய உருப்படி போதுமென்றால் புதுப்பேட்டை. 1961-இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ், கார்களுக்கான மின்சாதனங்களை இங்கேயே செய்துகொண்டிருந்ததால் சாமானுக்காக யாரும் நெடுநாள் காத்திருக்கவில்லை.

நேராக டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் இந்த ஊகம் பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கார்கள் தினமும் ஓடின. டாக்சியாக, அரசாங்க வண்டியாக, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. ஓடுகிற இன்ஜினில் வருவது தேய்மானப் பழுது. அது வரிசைப்படி வரும்: முதலில் பாயிண்ட், பிறகு பிளக், பிறகு கார்புரேட்டரில் தூசு, கடைசியில் வால்வும் ரிங்கும். கோடையில் இடையே ஒரு விருந்தாளி வரும். பெட்ரோல் பம்ப் சூடேறி, குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் கார் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் கிளம்பும்.

பிறகு காலம் வேறு பக்கம் திரும்பியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த புகைக் கட்டுப்பாடுகளால் புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்தது. இன்றைய காரில் ஒரு சிலிண்டர் தவறினால், கிராங்க் சுற்றும் வேகத்தில் விழும் சிறு தடுமாற்றத்தை வைத்தே கணினி கண்டுபிடித்துவிடும். ஸ்கேனரைச் சொருகினால் ‘பி0301’ என்று திரையில் வரும்: முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஸ்கேனர் உள்ள கடைகளில் தொழில் கற்ற இளைஞர் ஒருவர் பாயிண்ட்டைத் தொட்டே இருக்க மாட்டார். பழைய அம்பாசிடரிலோ ஸ்கேனரைச் சொருக இடமில்லை. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது.

எஞ்சியிருக்கும் கார்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது. 50 ஆண்டைத் தாண்டிய கார்களை ‘வின்டேஜ்’ என்று பதிவுசெய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான காரை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி. அந்தப் பதிவு இல்லாத கார்களில் பலவும் மாதக்கணக்கில் ஷெட்டில் உறைபோட்டுத்தான் நிற்கின்றன.

நிற்கிற இன்ஜினில் பழுது வேறு வழியில் வருகிறது. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் வற்றி, பிசின் மட்டும் ஜெட்டில் தங்குகிறது. ஐட்லிங்கில் துடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகும் இன்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. பாயிண்ட் தேயவில்லை, இடைவெளி கச்சிதமாக இருக்கும், ஆனால் முகத்தில் படிந்த ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். சுத்தமான காகிதத் துண்டை நடுவே இழுத்தாலே ஸ்பார்க் திரும்பிவிடுவதும் உண்டு. பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் காய்ந்து வெடிக்கிறது. பாட்டரி தளர்ந்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் காயிலுக்கு வோல்டேஜ் போதாமல் போகிறது.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நின்றது. வால்வு சீட்டுக்கு மெத்தைபோல் இருந்த ஈயம் போனதும், கெட்டிப்படுத்தாத பழைய சீட்டுகள் நெடுந்தூர ஓட்டத்தில் தேய்ந்து உள்ளே இறங்குகின்றன. வால்வு இடைவெளி மூடி அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் போகிறது. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. தனிப் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். புதிய காரில் ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய ஜெட்டிலேயே ஊற்றும், கலவை மெலிந்துபோகும். ஒழுங்காக டியூன் செய்த கார் இழுக்காமல் தயங்குவதும், பிளக் வெளுப்பதும் இதனாலும் நேரலாம். ஜெட்டைப் பெரிதாக்குவதும், எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய் போடுவதும் பலர் எடுத்திருக்கும் வழிகள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், பல மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சாமானும் நம்பத் தக்கதாக இல்லை. புதிதாகப் போட்ட கண்டென்சரே பழுதாக இருக்கலாம். புது ரோட்டரில் மின்சாரம் கசியலாம். ‘அதை மாற்றியாயிற்று, அங்கே பழுது இருக்காது’ என்ற பழைய நம்பிக்கை இன்று ஆளைச் சுற்றவிடும். அதனால்தான் சிலர் பாயிண்ட்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துகிறார்கள். தேய்மானம் இல்லை, டைமிங் நகராது. ஆனால் அது நிற்கும்போது முன்னறிவிப்பின்றி நிற்கும். எனவே விவரமானவர்கள் பழைய பாயிண்ட் செட்டை டிக்கியில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இன்று ஊகத்துக்கு முன்னால் அளவு வர வேண்டும். முதலில் கம்ப்ரஷன் கேஜ். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். கம்ப்ரஷன் சரியென்றால் ஸ்பார்க், கடைசியாகத்தான் கார்புரேட்டர். இந்த வரிசை அன்றைய மேஸ்திரிக்கும் தெரியும். நாள்தோறும் நான்கைந்து அம்பாசிடர் பார்த்த அவர் படிகளைத் தாண்டிப் போக முடிந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்ப்பவரால் முடியாது.

அன்று காரைக் கொண்டுவந்தவரிடம் மேஸ்திரி கேட்ட கேள்வி: “கடைசி டியூனிங்குக்கு அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு?” இன்று கேட்க வேண்டியது, எத்தனை மாதம் நின்றது, டாங்கில் எப்போது போட்ட பெட்ரோல், கடைசியாக எந்தச் சாமானை மாற்றினீர்கள் என்ற மூன்றும். இதற்குச் சரியான பதில் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் உரிமையாளர், மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துவிடுகிறார்.