அணைத்த பின்னும் உறங்காத மின்சாரம்

தமிழக அரசு 2006-இல் வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி உங்கள் விருதுநகர் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். திறந்து பழுது பார்க்க ஆசையா? சற்றுப் பொறுங்கள்!

அதன் படக்குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவே கண்ணாடி. இரு கடத்திகளுக்கிடையே ஒரு காப்புப்பொருள் என்றால் அது என்ன? மின்தேக்கி! 1745-46-இல் கண்டறியப்பட்ட லேடன் ஜாடியும் இத்தகையதே. ஏறத்தாழ 20,000 வோல்ட்டில் ஏறிய மின்னூட்டம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நெடுநேரம் தங்கக்கூடும்.

தேர்ந்த மெக்கானிக் அதை உயர் மின்தடை வழியே, வெளிப்பூச்சைத் தொட்டிருக்கும் பின்னல் கம்பிக்கு வடிக்கிறார். சிறிது பொறுத்து மீண்டும் வடிக்கிறார். ஏன்? கண்ணாடிக்குள் தங்கிய மின்னூட்டம் மெல்லத் தலைதூக்கும்!

பழுது நீக்கியதும் பெட்டியை 'சீரீஸ் பல்பு' வழியே இணைக்கிறார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். மின்னோட்டம் கட்டுப்படுவதால் பெட்டி தப்பும்.

பட்டாசு மருந்தருகே சிறு நிலைமின் பொறியும் ஆபத்து என்பதைச் சிவகாசிப் பிள்ளைகள் அறிவார்கள். இங்கோ பொறி பெரிது. ஆகவே, பெட்டியைத் திறக்காமல் அந்த மின்தேக்கியைத் தாளில் வரைந்து பாருங்கள்!