மண் தடுப்பணையில் மீனும் பறவையும்: கரை நிலைக்க என்ன செய்யலாம்?

தர்மபுரி மாவட்டத்தில் வாணியாறு, நாகாவதி, தொப்பையாறு அணைகளின் நீண்ட கரைகள் மண்ணால் ஆனவைதான். அதே முறையில், மழைநீரைத் தேக்க நிலத்தின் சரிவில் சிறிய மண் கரை போட்டால், பாசனத்தோடு மீனும் கிடைக்கும். ஓடையை மறிப்பதாக இருந்தால் முதலில் அனுமதி பெற வேண்டும்.

கரையும் கலிங்கும்

களிமண் கலந்த மண்ணை அரை அடி கனத்துக்குப் பரப்பி, ஈரப்படுத்தி, அடுக்கடுக்காகத் திமிசு போட வேண்டும். 1 அடி உயரத்துக்கு உள்பக்கம் 3 அடி, வெளிப்பக்கம் 2 அடி சரிவு விடுங்கள். மண் கரை பெரும்பாலும் உடைவது, தண்ணீர் அதன் மேல் ஏறி வழியும்போதுதான். எனவே கலிங்கை அகலமாக அமைத்து, கரையை அதைவிட 3 அடி உயர்த்துங்கள்.

கரையில் மரம் வேண்டாம். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால் அந்த வழியே நீர் கசியும். அருகம்புல், வெட்டிவேர் போதும். எலி வளை, நண்டு வளைகளை மழைக்கு முன்பே அடைத்துவிடுங்கள்.

எந்த மீன், எத்தனை?

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிருகால் அடியிலும் மேயும். இவற்றை 4:3:3 என்ற கணக்கில் விடலாம். சென்ட்டுக்கு 40 குஞ்சுகள் என்பது தீவனம் போட்டு வளர்க்கும் குளங்களுக்கு. மழைநீரை மட்டும் நம்பும் குட்டைக்கு அதில் பாதியே அதிகம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது. மற்ற மீன்களை அது தின்று தீர்த்துவிடும்.

பறவைகளுக்கும் இடம்

நீர்க்காகமும் கொக்கும் சிறு குஞ்சுகளைப் பிடிக்கும். 4 அங்குலம் வளர்ந்த குஞ்சுகளாக விட்டால் இழப்பு குறையும். ஒரு மூலையில் கோரையை விட்டுவைத்தால் தவளையும் தட்டானும் பெருகும். அவை வயல் பூச்சிகளைத் தின்னும். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதால், விவசாயிகளே பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள்.

கடைசித் தண்ணீர்

கோடையில் பயிருக்கும் மீனுக்கும் போட்டி வரும். முழுவதையும் இறைத்தால் மீன் சாகும். இறைக்காவிட்டால் பயிர் வாடும். நீர் 4 அடிக்கு இறங்கும்போதே வலை போட்டு, விற்கும் அளவுள்ள மீன்களைப் பிடித்துவிடுங்கள். ஓரிடத்தில் ஆழமான குழி இருந்தால் மீதி மீன்கள் அதில் பிழைக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், உயிர்வளி குறைவு என்று அர்த்தம். குட்டை நீரையே மோட்டாரில் எடுத்து, உயரத்திலிருந்து அதிலேயே பீய்ச்சி விடுங்கள். மருந்து தெளிப்பானை அங்கே கழுவவே கூடாது.

வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் போடுங்கள். அடுத்த மழைக்குக் குட்டையின் ஆழமும் திரும்பக் கிடைக்கும். குஞ்சுகளுக்கு மீன்வளத் துறையையும், ஆலோசனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.