பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு காஞ்சிப்பட்டு

பழைய கல்கத்தாவின் இரவு விடுதி என்றாலே மதுக்கோப்பையும் கேபரே நடனமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எனக்கு நினைவு வருவது ஒரு பட்டுப்புடவை. கவுன் அணிந்த பாடகிகளையே பார்த்துப் பழகிய பார்க் ஸ்ட்ரீட்டின் ட்ரிங்காஸ் மேடையில், 1960களின் இறுதியில் காஞ்சிப்பட்டும் தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாக ஏறி ஆங்கிலப் பாடல்களைப் பாடினார் ஓர் இளம்பெண். உஷா உதுப்.

மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். குரல் கட்டை என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே ஒதுக்கப்பட்டவர். அவர் முதலில் கிளப்பில் பாடியது நம் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டரின் கீழே இருந்த 'நைன் ஜெம்ஸ்' விடுதியில்! ஒதுக்கப்பட்ட அதே குரலை, ராத்திரி சாப்பிட வந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ட்ரிங்காஸ் தொடக்கத்தில் ஒரு டீ ரூம்தான். 1959இல் கைமாறிய பிறகே பாட்டும் பேண்டும் வந்தன. அதே தெருவில் மொகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ். அங்கெல்லாம் பாம் க்ரெய்ன் பாடினார். லூயிஸ் பாங்க்ஸ் பியானோ வாசித்தார். கோவாவிலிருந்து வந்த பிராஸ் கொன்சால்வஸ் சாக்ஸபோன் ஊதினார். கல்யாணக் கச்சேரி போல என்றோ ஒருநாள் கிடைத்த வாய்ப்பல்ல அது. தினமும் ராத்திரி அதே மேடை, அதே சகாக்கள், கைக்கு நிச்சயமான சம்பளம். நேற்றுச் சறுக்கிய இடத்தை இன்று சரிசெய்து கொள்ளலாம். கலைஞன் தேறுவது அப்படித்தான்.

பணக்காரர்களின் கூத்து என்று அன்றே முகம் சுளித்தவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. பிறகு கேளிக்கை வரி, மின்வெட்டு, எழுபதுகளின் அரசியல் கொந்தளிப்பு, ஆங்கிலோ இந்தியர்களின் வெளியேற்றம் என்று ஒவ்வொன்றாக வர, தெரு மங்கியது. ப்ளூ ஃபாக்ஸ் இருந்த இடத்துக்குப் பின்னாளில் பர்கர் கடை வந்தது.

விடுதிகள் போனதைவிட, தினமும் வாசிக்கும் அந்த வேலை போனதுதான் என்னை உறுத்துகிறது. இன்று ஒரு பாடகிக்குத் தொலைக்காட்சிப் போட்டியில் சில நிமிடங்கள் தருகிறோம். கட்டைக்குரல் என்றால் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஓட்டல்களில் பேண்ட் இருந்த மூலையில் ஸ்பீக்கர் பெட்டி நிற்கிறது. பாடிப் பாடித் தேற வேண்டிய பிள்ளைகள் ரீல்ஸில் முப்பது விநாடி பாடிவிட்டு லைக்குக்காகக் காத்திருக்கிறார்கள்.

ட்ரிங்காஸ் இன்னும் திறந்திருக்கிறது, பாட்டும் உண்டு. சபையரை நாம் இடித்துவிட்டோம்.