முதலுக்கு வழி

மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப் லைன்களில் வாழும் நம் முன்னோர் சுரங்கச் சம்பளத்தையே நம்பியிருந்தனர். 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதும் அந்நம்பிக்கை அற்றது. அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்பலாயினர். ஊரிலேயே தையற்கடையோ தச்சுப் பட்டறையோ வைக்க விழைவோர்க்கு முதற்பணமே தடையாக நிற்கிறது.

வட்டிக்கடைக்குச் செல்லுமுன் பாங்கிக்குச் செல்லுங்கள். மத்திய அரசு 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சொத்து ஈடு கேட்கப்படுவதில்லை. ‘சிசு’ப் பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையிலும், ‘தருண்’ பிரிவில் 10 லட்சம் வரையிலும் கடன் பெறலாம். தருண் கடனை ஒழுங்காகத் தீர்த்தவர்க்கு 20 லட்சம் வரை வழியுண்டு.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வாங்கவிருக்கும் இயந்திரத்தின் விலைப்பட்டியல் ஆகியவற்றை உடன் கொண்டு செல்க. ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென எவரேனும் பணம் கேட்டால் கொடாதீர். கன்னட விண்ணப்பங்களைப் படிக்கப் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளே துணையாவர்.

கடன் இனாமன்று, தவணை தவறினால் அடுத்த கடனுக்கு வாயில் அடைபடும். ஆகவே அன்றாட வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஈடு காட்ட நிலமில்லாத நமக்கு அந்த நோட்டே நற்சாட்சி.